காரணம் உள்ள பிழை

பொட்டாசியம் பெர்மாங்கனேட்டைக் கொண்டு ஆக்சாலிக் அமிலத்தைத் தரம்பார்க்கும் சோதனை வேதியியல் மாணவர்களுக்கு நன்கு பழக்கமானது. கூம்புக் குடுவையில் உள்ள கரைசலைச் சூடாக்கிய பிறகுதான் தொடங்க வேண்டும். அப்போதும் பியூரெட்டிலிருந்து விழும் முதல் துளிகளின் இளஞ்சிவப்பு உடனே மறைவதில்லை. வினையில் உண்டாகும் மாங்கனீசு அயனிகளே வினையூக்கியாகிவிட்ட பின்புதான் நிறம் சட்டென்று போகத் தொடங்கும். பொறுமை இழந்து வேகமாகச் சேர்த்தால் கரைசல் பழுப்பாகக் கலங்கிவிடும். பெர்மாங்கனேட்டின் நிறம் அடர்த்தியாக இருப்பதால் பிறைத்தளத்தின் கீழ்விளிம்பு தெரியாது. மேல்விளிம்பைப் பார்த்தே அளவைக் குறிக்க வேண்டும். இதே சோதனையைத் திரையில் செய்பவருக்கு, மென்பொருளை எழுதியவர் இவற்றில் எவற்றைச் சேர்க்க நினைத்தாரோ அவை மட்டுமே கிடைக்கும். கல்லூரிச் செய்முறை வகுப்புகளை இணையவழியில் நடத்துவது பற்றிய விவாதத்தில் முதலில் எடைபோட வேண்டிய வேறுபாடு இதுதான். வசதி, செலவு, இணைய வேகம் எல்லாம் இதற்குப் பிறகு வருபவை.

இணையவழி ஆய்வகத்தின் பலத்தைக் குறைத்துச் சொல்வது நியாயமாகாது. இந்தியாவில் அது பெருந்தொற்றுக் காலத்தின் அவசர ஏற்பாடாகப் பிறந்ததும் அல்ல. நடுவண் அரசின் உதவியோடு, டெல்லி ஐஐடி ஒருங்கிணைக்க, அம்ரிதா உள்ளிட்ட பல நிறுவனங்கள் சேர்ந்து உருவாக்கிய மெய்நிகர் ஆய்வகங்கள் 2020-க்குப் பல ஆண்டுகள் முன்பே இருந்தன. அமெரிக்காவில் நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் கார்ல் வீமன் 2002-இல் தொடங்கிய ஃபெட் உருவகப் பயிற்சிகள் இன்று உலகெங்கும் பயன்படுகின்றன. கொலராடோ பல்கலைக்கழகத்தில் ஃபிங்கல்ஸ்டீனும் அவருடைய குழுவினரும் 2005-இல் வெளியிட்ட ஆய்வு இந்த விவாதத்தில் தவிர்க்க முடியாதது. மின்சுற்றுப் பாடத்தில் மாணவர்களில் ஒரு சாரார் உண்மையான பல்பு, கம்பிகளோடும் மறுசாரார் திரையிலும் பயின்றார்கள். கருத்தறிவில் திரையில் பயின்றவர்களே முந்தினார்கள். அதைவிட வியப்பு, பிறகு உண்மையான சுற்றை அமைத்து விளக்கச் சொன்னபோதும் அவர்களே மேலாகச் செய்தார்கள். திரையில் எலக்ட்ரான்கள் ஓடுவது கண்ணுக்குத் தெரிகிறது. தளர்ந்த இணைப்பும் தீர்ந்துபோன பேட்டரியும் கவனத்தைச் சிதறடிப்பதில்லை.

ஆனால் இத்தகைய ஆய்வுகள் எதை அளந்தன என்று பார்க்க வேண்டும். இவற்றைத் தொகுத்து பிரின்சன் 2015-இல் எழுதிய மதிப்பாய்வு, மெய்நிகர், தொலைநிலை ஆய்வகங்கள் பெரும்பாலும் வழக்கமான ஆய்வகத்துக்கு ஈடாகவோ மேலாகவோ இருப்பதாகச் சொல்கிறது. பல ஆய்வுகள் பாடக்கருத்தைத் தேர்வு வைத்தே அளந்தன என்பதையும் அதே மதிப்பாய்வு காட்டுகிறது. இதோடு இன்னொன்றைச் சேர்த்துப் படிக்கலாம். நடாஷா ஹோம்ஸ், வீமன் முதலியோர் 3 கல்வி நிறுவனங்களின் 9 இயற்பியல் பாடங்களை ஆராய்ந்தார்கள். பாடக்கருத்தை வலுப்படுத்தவென்றே அமைந்த ஆய்வக வகுப்புக்குச் சென்றவர்கள், செல்லாதவர்களைவிட இறுதித் தேர்வில் கூடுதலாக எதையும் பெறவில்லை. இரண்டையும் அடுத்தடுத்து வைத்தால் முடிவு தெளிவு. பாடத்தை விளக்குவதுதான் நோக்கம் என்றால் கல்லூரி ஆய்வகம் இல்லாமலும் சமாளிக்கலாம். அளப்பது, சந்தேகிப்பது, முடிவெடுப்பது ஆகியவற்றைக் கற்பிப்பதுதான் நோக்கம் என்றால், அதைப் பாடத்தேர்வின் மதிப்பெண் காட்டாது.

என் வாதம் இங்கேதான் தொடங்குகிறது. ஆய்வகம் கற்பிப்பவற்றில் ஈடில்லாதது, காரணம் உள்ள பிழையைச் சந்திப்பது. அடுத்தடுத்த பியூரெட் அளவீடுகள் ஒத்துவராவிட்டால் அதற்கு எங்கோ ஒரு காரணம் இருந்தே தீரும். நுனியில் காற்றுக் குமிழி சிக்கியிருக்கலாம், திருகு கசியலாம், குடுவை ஆறியிருக்கலாம். தேடினால் அகப்படும். மெய்நிகர் ஆய்வகத்திலும் அளவீடுகளில் பிழையைக் கலக்கலாமே என்று கேட்பார்கள். கலக்கிறார்கள்தான். ஆனால் அந்தப் பிழை பெரும்பாலும் கணினி தற்போக்காகத் தரும் எண். எவ்வளவு தோண்டினாலும் அதன் அடியில் எதுவும் இல்லை. குமிழியையும் கசிவையும்கூட மென்பொருளில் அமைக்கலாமே என்று அடுத்த கேள்வி வரும். அமைக்கலாம், நல்ல பயிற்சியும்கூட. ஆயினும் யாரோ முன்கூட்டியே யோசித்து எழுதிய பட்டியலுக்குள்ளேயே மாணவர் தேடுகிறார். யாரும் யோசிக்காத காரணம் அங்கே இருக்க வழியில்லை. அறிவியல் வளர்ந்தது பெரும்பாலும் அப்படிப்பட்ட காரணங்களால்தான்.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. நம் கல்லூரி ஆய்வகங்களில் இந்தத் தேடல் நடக்கிறதா? நேர்மையான பதில், பெரும்பாலும் இல்லை என்பதே. கூட்டு ஊசலைக் கொண்டு புவியீர்ப்பு முடுக்கத்தைக் காணும் மாணவருக்கு 9.8 வர வேண்டும் என்பது முன்பே தெரியும். வராவிட்டால் அளவீடுகளைப் பின்னோக்கிக் கணக்கிட்டுத் திருத்தி, ரெக்கார்டு நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுகிறார்கள். ஒரு ஸ்பெக்ட்ரோமீட்டரைச் சுற்றி நான்கைந்து பேர் நின்றால் அளவெடுப்பது ஒருவர்தான். இப்படி நடக்கும் வகுப்பைவிட நல்ல மெய்நிகர் ஆய்வகம் மேலானது என்று தயங்காமல் சொல்வேன். ஆனால் இந்த மறுப்பு குறையைக் காட்டுகிறதே தவிர, தீர்வை இணையத்தில் காட்டவில்லை. சரியான விடைக்கே மதிப்பெண் என்ற முறையைத் திரைக்குக் கொண்டுபோனால், அங்கே விடை எப்போதும் சரியாகவே வரும். பொய்யாகத் திருத்தவேண்டிய அவசியம்கூட இருக்காது. நோய் அப்படியே இருக்க, அறிகுறி மட்டும் மறையும்.

ஆய்வகத்தை எட்ட முடியாதவர்களின் கேள்வி இதைவிடக் கடினமானது. வேலைக்குச் செல்பவர்கள், உடற்குறை உள்ளவர்கள், கருவிகளே இல்லாத கல்லூரியில் சேர்ந்தவர்கள் ஆகியோருக்கு மெய்நிகர் ஆய்வகம் ஒன்றுமில்லாததைவிட நிச்சயம் மேல். ஆனால் திரைக்கும் கல்லூரிக்கும் நடுவே வேறு வழிகளும் உண்டு. பிரிட்டனின் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 1970-களிலேயே நுண்ணோக்கி உள்ளிட்ட சோதனைப் பெட்டிகளை மாணவர்களின் வீட்டுக்கு அனுப்பியது. ஜெர்மனியின் ஆஹென் பல்கலைக்கழகத்தில் உருவான ஃபைஃபாக்ஸ் செயலி, கைபேசியின் உணரிகளையே அளவுகருவிகளாக்குகிறது. அதில் வரும் பிழை உண்மையான பிழை. எம்ஐடி 1998 முதல் நடத்திய தொலைநிலை ஆய்வகத்தில், மாணவர் எங்கோ இருந்து இயக்கினாலும் அளக்கப்பட்டது நிஜமான டிரான்சிஸ்டர். இணைப்பு கொடுத்தவர் வேறொருவர் என்பது மட்டுமே அதன் குறை. விலங்கியலில் திரையின் பக்கமே நியாயம் அதிகம்: வகுப்பறை அறுத்துப்பார்த்தலைக் கைவிடும்படி பல்கலைக்கழக மானியக் குழு 2014-இல் வழிகாட்டியது சரியான முடிவு. வேதியியலில் நிலைமை நேர்மாறு. அடர் அமிலங்களை வீட்டுக்கு அனுப்ப முடியாது. அவற்றைக் கையாளும் எச்சரிக்கையைச் சுட்டியை அசைத்துப் பழக முடியாது.

ஆகவே கருவியின் படத்தைப் பார்ப்பது, செயல்முறையை ஒத்திகை பார்ப்பது, பின்னணிக் கருத்தைப் புரிந்துகொள்வது, எடுத்த அளவுகளை ஆராய்வது ஆகியவற்றைத் தாராளமாக இணையத்துக்கு விடலாம். அதனால் மிச்சமாகும் நேரம் ஆய்வகத்துக்கே திரும்ப வேண்டும்; செய்முறை நேரத்தையும் ஆய்வக உதவியாளர் பணியிடங்களையும் குறைக்கக் காரணமாகக் கூடாது. பருவத்துக்கு 12 சோதனைகளை ஒரு முறை மட்டும் செய்வதற்குப் பதில் 6 சோதனைகளை இரண்டு முறை செய்யட்டும். முதல் முறை வந்த பிழைக்குக் காரணம் தேடி, இரண்டாம் முறை அதைச் சரிசெய்து பார்க்கட்டும். தேர்வுநாளில் 9.8 என்று எழுதி நிறுத்தியவரைவிட, 9.4 என்று எழுதி, அது ஏன் குறைந்தது என்று அளவீடுகளைக் கொண்டே காட்டியவருக்கு வெளித்தேர்வாளர் கூடுதல் மதிப்பெண் தரும் விதி பாடத்திட்டத்திலேயே இடம்பெற வேண்டும்.