எஞ்சிய வீடும் எஞ்சாத ஊரும்: கொக்கலை நூதனசாலையை முன்வைத்து ஒரு நோக்கு

நூதனசாலையும் ஒரு பிரதியே. எதனை முன்னிறுத்துவது, எதனைப் பின்தள்ளுவது, எதனைக் குறித்துப் பேசாதிருப்பது என்னும் தெரிவுகளாலேயே அதுவும் ஆக்கப்படுகின்றது. நாவலொன்றை அது தோன்றிய காலத்து உற்பத்தி உறவுகளோடு இணைத்து நோக்கப் பழகிய எமது விமர்சனம், நூதனசாலைகளை அவ்வாறு நோக்க முயன்றதாகத் தெரியவில்லை. காலியிலிருந்து மாத்தறை செல்லும் கரையோரப் பெருந்தெருவிலுள்ள கொக்கலையில், சிங்கள நாவலாசிரியர் மாட்டின் விக்கிரமசிங்க (1890-1976) பிறந்த வீடும், 1981 இல் திறக்கப்பட்ட நாட்டார் பண்பாட்டு நூதனசாலையும் ஒரே வளவினுள் அமைந்துள்ளன. கல்முனைக் கரையிலிருந்து சென்று அதனைப் பார்க்கும் தமிழ் வாசகருக்கு அது எழுப்பும் வினாக்கள் சில உள. அவ்வினாக்கள் விக்கிரமசிங்கவைப் பற்றியவை மட்டுமல்ல. போர்க்காலத்தில் வாழ்ந்த சாதாரண மக்களின் வாழ்வு எவ்வாறு நினைவிற் பேணப்படுகின்றது என்பதைப் பற்றியவையும் ஆகும்.

1942 பெப்ரவரியில் சிங்கப்பூரும் மார்ச்சில் இரங்கூனும் யப்பானியர் வசமாயின. இந்து சமுத்திரத்தில் பிரித்தானியப் பேரரசின் பாதுகாப்பு பெருமளவுக்கு இலங்கையிலேயே தங்கி நின்றது. கொக்கலை வாவி நீர்விமானங்கள் இறங்குவதற்கு வாய்ப்பாக இருந்தமையால் பிரித்தானிய விமானப்படை அங்கு தளம் அமைத்தது. 1942 ஏப்பிரல் 4 இல் யப்பானியக் கடற்படையை வழியிற் கண்டு அறிவித்த பேர்ச்சோல் என்னும் கனேடிய விமானி புறப்பட்டதும் இவ்வாவியிலிருந்தே. அவரது விமானத்தைக் கூறாத போர் வரலாறு இல்லையெனலாம். ஆனால், குறுகிய அறிவித்தலில் வாவிக்கரையை விட்டு வெளியேற்றப்பட்ட குடும்பங்கள் அவ்வரலாறுகளில் இடம்பெறுவது அரிது.

அக்குடும்பங்களின் வீடுகள் இடிக்கப்பட்டன. விக்கிரமசிங்கவின் வீடு தப்பியது. எழுத்தாளர் ஒருவரின் வீடு என்பதனால் அது தப்பவில்லை. படை அதிகாரிகள் தங்குவதற்குப் பயன்பட்டமையாலேயே தப்பியது. இவ்வுண்மையை நூதனசாலையினர் மறைக்கவில்லை. வீட்டின் வரலாற்றைக் கூறுமிடத்து இதனையும் கூறுகின்றனர். ஆயின் கூறும் முறை கவனத்திற்குரியது. போர் இங்கு ஒரு விபத்தாகவும், வீடு தப்பியமை ஒரு நற்பேறாகவும் வந்துபோகின்றன. போரை நடத்தியோருக்குப் பயன்பட்டது நின்றது, பயன்படாதது அழிந்தது என்னும் எளிய பொருளாதார விதி, நற்பேறு என்னும் சொல்லினுள் மறைந்துவிடுகின்றது.

வளவினுள் நாம் காண்பது என்ன? ஏர், மீன்பிடிக் கருவிகள், மட்பாண்டங்கள், வண்டிகள், முகமூடிகள், பொம்மலாட்டப் பாவைகள், சிறுவர் விளையாட்டுப் பொருள்கள், வழிபாட்டுப் பொருள்கள். இவை அரிதின் முயன்று திரட்டப்பட்டவை. திரட்டியோரின் உழைப்பை மதிக்காதவர் நன்றியற்றவர். உழைக்கும் மக்களின் கைப்பொருள்களைக் காட்சிக்கு வைத்தல், அரச முடிகளையும் வாள்களையும் வைத்தலினும் முற்போக்கானது என்பதில் ஐயமில்லை. எனினும், ஏர் இருக்கின்றது, அந்த ஏர் உழுத காணி யாருடையது என்னும் வினா இல்லை. வலை இருக்கின்றது, மீனின் பங்கு எவ்வாறு பிரிக்கப்பட்டது என்பது இல்லை. உறவுகளிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட கருவி அழகுப் பொருளாகின்றது. காலமும் அதனோடு உறைந்துபோகின்றது. 1942 இல் உடைக்கப்பட்ட ஓர் ஊர், உடைவின் தடயம் எதுவுமின்றி, என்றும் அமைதியாக இருந்த ஊராக எமக்குத் தரப்படுகின்றது.

இதற்கு மாறான ஒரு முறைமையும் உலகில் உண்டு. அம்ஸ்ரடாமில் ஆன் பிராங்க் குடும்பத்தினர் ஒளிந்திருந்த மறைவிடம் 1960 இல் நூதனசாலையானபோது, அவ்வறைகள் தளபாடங்களின்றி வெறுமையாகவே விடப்பட்டன. பிடிபட்டபின் நாசிகள் பொருள்களை அகற்றிச் சென்றனர். அவ்வெறுமை அப்படியே இருக்கவேண்டும் என்பது உயிர் தப்பிய தந்தையின் விருப்பம். அங்கு வெற்றிடமே சான்றாகின்றது. கொக்கலையில் வெற்றிடம் நிரப்பப்பட்டுள்ளது. நிரப்பியவை எத்துணை அருமையானவையாயினும், இழப்பின் அளவைக் காணவிடாமற் செய்வன அவையே.

இலக்கியம் இவ்விடயத்தில் என்ன செய்தது? விக்கிரமசிங்கவின் ‘கம்பெரலிய’ 1944 இல் வெளிவந்தது. அதாவது, நாவல் வாசகர் கையை அடைந்தபோது அதற்கு உயிரளித்த கிராமத்தின் பெரும்பகுதி விமானத்தளமாகிவிட்டது. ஆயினும் நாவலின் காலம் அதற்கு முந்தியது. முகாந்திரம் குடும்பத்தின் மகாகெதர என்னும் பெரிய வீடு சிறிது சிறிதாகச் சிதைவதையும், வணிகத்தால் உயர்ந்த பியலின் வர்க்கம் அவ்விடத்தைப் பிடிப்பதையும் அது காட்டுகின்றது. கூரை ஒழுகும் பெரிய வீட்டையும் அதனுள் மதிப்பை மட்டும் காத்துக்கொண்டிருக்கும் மனிதரையும் படைத்த அக்கை, வீடு என்பது ஒரு வர்க்க உறவு என்பதை நன்கறிந்த கை. இந்நாவலைப் பேராசிரியர் ம. மு. உவைஸ் ‘கிராமப் பிறழ்வு’ எனத் தமிழாக்கினார். முஸ்லிம் தமிழ் இலக்கிய ஆய்வின் முன்னோடி ஒருவர் இப்பணியை ஏற்றமை மனங்கொள்ளத்தக்கது. ‘பெரலிய’ என்பதற்குப் புரட்டு, தலைகீழ் மாற்றம் என்னும் பொருள்கள் உண்டு. ‘பிறழ்வு’ என்னும் தமிழ்ச்சொல், இருந்த நெறியிலிருந்து வழுவுதல் என்ற சாயலையும் சேர்த்துக்கொள்கின்றது. நாவலாசிரியர் மாற்றத்தை வரவேற்றாரா, அதற்கு இரங்கினாரா என்னும் விவாதத்தில் மொழிபெயர்ப்பாளர் தம்மையறியாமலே ஒரு பக்கம் சாய்ந்துவிட்டாரோ எனத் தோன்றுகின்றது. நூதனசாலையும் அப்பக்கமே சாய்ந்துள்ளது. நாவலின் ஆய்வுநோக்கைக் கைவிட்டு அதன் ஏக்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டது.

போர் முடிந்தபின் கொக்கலையின் நிலம் என்னவாயிற்று என்பதையும் இங்கு நோக்கவேண்டும். ஓடுபாதை நாட்டின் விமானப்படைக்குச் சென்றது. 1990 களில் அயலில் ஏற்றுமதிப் பதனிடும் வலயம் எழுந்தது. கரையில் உல்லாச விடுதிகள் எழுந்தன. நூதனசாலையிற் பன்னரிவாளைப் பார்த்துவிட்டு வெளியே வருபவர், தொழிற்சாலை வேலைமாற்றத்துக்குச் செல்லும் இளம் பெண்களைத் தெருவிற் காணலாம். குடியேற்றவாதப் போர் அகற்றிய நிலம் மூலதனத்திற்கு வசதியான நிலமாயிற்று. இத்தொடர்ச்சி தென்மாகாணத்துக்கு மட்டும் உரியதன்று. அம்பாறைக் கரையின் தென்கோடியிலுள்ள பாணமையில், உள்நாட்டுப் போர் முடிந்த மறு ஆண்டான 2010 இல் குடும்பங்கள் வெளியேற்றப்பட்ட காணியிற் படைமுகாமும் பின்னர் உல்லாச விடுதியும் அமைந்தன. வெளியேற்றப்பட்டவர்கள் சிங்களவரும் தமிழரும் ஆவர்.

இரண்டாம் உலகப் போர் கிழக்குக் கரையைத் தொடவில்லை என எண்ணுதலும் தவறு. திருகோணமலையில் குண்டுவீசப்பட்ட 1942 ஏப்பிரல் 9 ஆம் நாளன்றே ‘ஹேர்மிஸ்’ என்னும் விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக் கடலில் மூழ்கடிக்கப்பட்டது. ஆனால் குண்டைவிட ஆழமாகப் பாய்ந்தது அரிசி. நாடு உண்ட அரிசியில் பெரும்பங்கு பர்மாவிலிருந்து வந்தது. அது நின்றதும் பங்கீடு வந்தது, கோதுமை மா வந்தது, நெல்லை அரசாங்கம் கட்டாயமாகக் கொள்முதல் செய்யும் திட்டமும் வந்தது. அன்று மட்டக்களப்பு மாவட்டத்தினுள் அடங்கியிருந்த கல்முனை, சம்மாந்துறை, அக்கரைப்பற்று வட்டைகள் இத்திட்டத்தின் நேரடிப் புலங்கள். ‘கூப்பன்’ என்னும் சொல் எமது பேச்சில் நிலைத்தது அப்போதுதான். போரின் குழந்தையான அக்கூப்பன் அரிசியின் விலை 25 சதத்திலிருந்து 70 சதமாக்கப்பட்டபோது, 1953 ஆகஸ்டு 12 இல் நாடளாவிய ஹர்த்தால் வெடித்தது என்பதையும் மறத்தலாகாது. ஒரு கூப்பன் புத்தகத்தை ஏருக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், ஏர் பேசத் தொடங்கிவிடும்.

இனி எமது கரையின் அண்மைக்காலப் போருக்கு வருவோம். 1990 ஆகஸ்டு 3 இல் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தோர் விடுதலைப் புலிகளாற் கொல்லப்பட்டனர். துப்பாக்கிச் சன்னங்கள் துளைத்த சுவர் அங்கு இன்றும் பேணப்படுகின்றது. அதே மாதம் 12 இல் சம்மாந்துறையை அடுத்த வீரமுனையில், கோயிலிற் தஞ்சமடைந்திருந்த தமிழர் கொல்லப்பட்டனர். ஊர்காவற் படையினர்மீதே குற்றஞ்சாட்டப்பட்டது. இரண்டு இடங்களிலும் ஆண்டுதோறும் நினைவுகூரல் நடைபெறுகின்றது. சாவின் இடங்கள் இவ்வாறு பேணப்படுதல் நியாயமே. ஆயின் கொக்கலை போருக்கு முந்திய வாழ்வைப் பேணுகின்றது. சன்னம் துளைத்த சுவர் சாவின் கணத்தைப் பேணுகின்றது. இவற்றுக்கு இடையில், ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் மக்கள் எவ்வாறு உண்டனர், உழுதனர், மணமுடித்தனர், கடன்பட்டனர் என்பது இரண்டிலும் இல்லை. சாவை இனம் பங்கிட்டுக்கொள்கின்றது. அன்றாட வாழ்வை அவ்வாறு பங்கிடுதல் எளிதன்று. அதனுள் வர்க்கம் வந்து நின்றுவிடும். வசதியுடையோர் கொழும்புக்கும் வெளிநாட்டுக்கும் பெயர்ந்தனர். வயற்கூலிக்கும் தறிக்கூலிக்கும் வாழ்ந்தோர் இருந்த இடத்திலேயே இருந்தனர். இவ்வுண்மையைத் தமிழ், முஸ்லிம் தலைமைகள் இரண்டுமே பேச விரும்புவதில்லை.

இக்கரையின் வீட்டுக்கு ஒரு தனியியல்பு உண்டு. இங்கு தமிழரிடமும் முஸ்லிம்களிடமும் வீடு பெண்ணுக்குரியது. மகளுக்கு வீடு கட்டிச் சீதனமாகக் கொடுத்தல் தந்தையின் வாழ்நாட் கடமை. மணமகன் மனைவியின் வீட்டுக்கே குடிவருவான். ஆதலால் இங்கு வீடொன்று எரியும்போது ஒரு பெண்ணின் உடைமையும், பெரும்பாலும் அவளது திருமண வாய்ப்பும் சேர்ந்தே எரிகின்றன. 1985 ஏப்பிரலில் காரைதீவில் வீடுகள் எரிந்தபோதும், 1990 இல் இரு சமூகத்தவரும் ஊர்விட்டு ஓடியபோதும் நிகழ்ந்தது இதுவே. மேற்கேயுள்ள வட்டைகளுக்கு முஸ்லிம் விவசாயிகள் செல்ல முடியாத ஆண்டுகள் இருந்தன. முஸ்லிம் ஊர்களின் ஊடாகத் தமிழர் பயணஞ்செய்ய அஞ்சிய ஆண்டுகளும் இருந்தன. வயல் விளையாதபோது போடியார் நட்டமடைந்தார். முல்லைக்காரனும் கூலியாளும் பட்டினி கிடந்தனர். வயல் வருமானம் நின்ற வீட்டில் அடுத்த மகளின் வீடு அத்திவாரத்தோடு நின்றது. போர்க்காலக் குடிமை வாழ்வின் வரலாற்றை இக்கரையில் எழுதப் புகுவோர், முற்றுப்பெறாத அத்திவாரத்திலிருந்தே தொடங்கவேண்டும்.

எஞ்சியவற்றையும் 2004 டிசம்பர் 26 இல் கடல் கொண்டுபோயிற்று. நாட்டில் மிகக் கூடிய உயிரிழப்பைக் கண்ட மாவட்டம் அம்பாறை. மருதமுனையிலும் கல்முனைக்குடியிலும் சாய்ந்தமருதிலும் கரையோரம் இருந்தவை பெரும்பாலும் ஏழைகளின் வீடுகள். கிழக்கில் 200 மீற்றருக்குள் மீளக் கட்டக்கூடாதென அரசாங்கம் முதலில் அறிவித்தபோது, வேறு காணியற்றவர்கள் எங்கு செல்வது என்பதற்கு விடையிருக்கவில்லை. அக்கரைப்பற்று நுரைச்சோலையிற் சவூதி அரேபிய உதவியுடன் கட்டப்பட்ட 500 வீடுகள் இனப்பங்கீட்டு வழக்கிற் சிக்கிப் பல்லாண்டுகள் ஆளின்றிக் கிடந்தன. வீடற்ற மக்களும் மக்களற்ற வீடுகளும் ஒரே கரையில்! பாதுகாக்கத்தக்க பழைய வீடு ஏன் அருகிற்று என்பதற்கு இதைவிட விளக்கம் வேண்டியதில்லை.

வீடு இல்லாத இடத்தில் எழுத்து இருக்கின்றது. உ. சேரனும் பிறரும் 1985 இல் தொகுத்த கவிதைத் தொகுதியின் பெயரே ‘மரணத்துள் வாழ்வோம்’ என்பது. சாவையும் வாழ்வையும் ஒரே தொடரில் அது நிறுத்திற்று. கல்முனையின் சோலைக்கிளி, பாண்டிருப்பின் சண்முகம் சிவலிங்கம், ‘அரசனின் வருகை’ என்னும் உருவகக் கதையைத் தந்த உமா வரதராஜன் ஆகியோர் அஞ்சி வாழ்ந்த காலத்தின் உளநிலையை வலுவாகப் பதித்துள்ளனர். படிமத்தையும் உருவகத்தையும் அவர்கள் நாடியமைக்கு அச்சமும் ஒரு காரணம். வெளிப்படையாகப் பெயர் சொல்ல முடியாத காலம் அது. ஆனால் படிமத்துக்கு ஒரு விலையுண்டு. அச்சத்தின் வடிவம் அதிற் தெரிகின்றது, அரிசியின் விலை தெரிவதில்லை. எழுதியோரும் பெரும்பாலும் ஆசிரியர்கள், உத்தியோகத்தர்கள். வரம்பு கட்டியவனும், மருதமுனைத் தறியில் நூலுக்குக் காத்திருந்தவளும் எமது போர்க்கால இலக்கியத்திற் பாத்திரமாக வருவது சொற்பம், கதைசொல்லியாக வருவது அதனினும் சொற்பம். இக்குறையை இலக்கியத்தினால் மட்டும் நிரப்ப இயலாது.

ஆகவே, இக்கரையில் ஒரு வீட்டைப் பேண முற்படுவோர் போடியாரின் நாற்சார் வீட்டைத் தேடிப் போகாதிருத்தல் நன்று. கொக்கலைக்கு நேர்ந்தது அதுவே. நின்ற வீடு இல்லாமற்போன வீடுகளுக்காகப் பேசவேண்டியதாயிற்று. கிடுகு வேலியும் இரண்டு அறைகளும் உடைய ஒரு சாதாரண சீதன வீடு போதும். அதனுள் சீதன உறுதி, கூப்பன் அட்டை, அடைவுகடைச் சீட்டு, நிவாரண அட்டை, ஊரடங்கு வேளையில் எரிந்த குப்பிவிளக்கு ஆகியன இருக்கட்டும். ஒவ்வொன்றினதும் பக்கத்தில் அதனைப் பயன்படுத்திய பெண்ணின் வாய்மொழி இருக்கட்டும். அவ்வாண்டுகளிற் குடும்பம் நடத்திய பெண்கள் முதுமையடைந்துவிட்டனர். பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கங்கள் ஒலிப்பதிவுக் கருவியுடன் சென்று செய்யத்தக்க பணி இது. கட்டடம் பின்னர் வரலாம்.

வீடு கல்முனைக்குடியில் அமைவதா, பாண்டிருப்பில் அமைவதா என்னும் சச்சரவு உடனே எழும். ஒரு பிரதேச செயலகத்தைத் தரமுயர்த்தும் பிரச்சினை 2019 இல் உண்ணாவிரதம் வரை சென்ற பட்டினம் இது. அதற்கு அஞ்சவேண்டியதில்லை. கால்நடைத் தொலைவிலுள்ள இரண்டு ஊர்களிலும் இரண்டு வீடுகள் இருக்கட்டும். இரண்டிலும் 1990 ஆம் ஆண்டின் நெல் விலையையும் கூலியையும் ஒரே அளவான எழுத்தில் எழுதி வைக்கட்டும்.