பசியும் டாலரும்

ஹெமிங்வேயின் 'எ மூவபிள் ஃபீஸ்ட்' மறுபடி படிச்சேன். 1921 டிசம்பரில், 22 வயதில் மனைவி ஹேட்லியோடு பாரிஸ் வந்தவர். பத்திரிகை வேலையை விட்ட பிறகு, வெளியே சாப்பிடுவதாக வீட்டில் சொல்லிவிட்டு, வெறும் வயிற்றோடு லக்சம்பர்க் தோட்டத்தில் நடக்கிறார்; பசியில் செசான் ஓவியங்கள் தெளிவாகப் புரிந்தனவாம். அருமையான பக்கங்கள்தான், மறுக்கல.

ஆனா ஹேட்லிக்குக் குடும்பச் சொத்திலிருந்து பணம் வந்துகொண்டிருந்தது. ஆஸ்திரியாவில் பனிச்சறுக்கு, ஸ்பெயினில் காளைச் சண்டை என்று ஊர் சுற்றியதும் இதே ஆள்தான். டாலர் மதிப்பால்தான் பாரிஸில் மலிவாக வாழ முடிகிறது என்று 1922இல் 'டொரன்டோ ஸ்டார்' பத்திரிகையில் இவரே கணக்குப் போட்டு எழுதியிருக்கிறார். இளைஞனுக்கு இருந்த அந்த நேர்மை, அறுபதை நெருங்கி இந்நூலை எழுதியவரிடம் குறைந்துவிட்டது. பசியை நம்புறேன். ஏழ்மையைத்தான் நம்ப முடியல. ஹேட்லியின் வருமானத்துக்கும் ஓர் அத்தியாயம் ஒதுக்கியிருக்கலாம்.