வரைபடத்தை எப்படி ரசிப்பது?

வழி தேடத்தான் வரைபடம் என்று ஆகிவிட்டது. இடம் வந்ததும் போனை மூடிவிடுகிறோம். ரசிக்க வேண்டுமென்றால், காஞ்சிபுரத்தின் ஓரிக்கைக்காரர்கள் முதலில் வீட்டுப் பத்திரத்தை எடுத்து, செக்குபந்தி எழுதிய பக்கத்தைப் படியுங்கள். கிழக்கே இன்னார் மனை, மேற்கே தெரு, வடக்கே வாய்க்கால். ஓர் எண்கூட இல்லாமல் மனை தன் இடத்தில் உட்கார்ந்துவிடும். எது எதை ஒட்டி இருக்கிறது என்பதே இங்கே கணக்கு.

இது பல்லவர் காலத்து வித்தை. இரண்டாம் நந்திவர்மன் தன் 22ஆம் ஆட்சியாண்டில் கொடுகொள்ளி என்ற ஊரைத் தானம் கொடுத்ததைச் சொல்கிறது காசாக்குடிச் செப்பேடு. நாட்டார் எல்லையைச் சுற்றி நடந்து கல்லும் கள்ளியும் நட்டார்கள். கிழக்கிலும் தெற்கிலும் பாலையூர், வடக்கே வெளிமாநல்லூர் என்று அண்டை ஊர்களே வேலி. கால்வாய் வெட்டிக்கொள்ள உரிமை தந்த ஆறுகளில் வெஃகாவும் ஒன்று, நம் வேகவதிதான். ஆனால் பாலையூர் எங்கே என்று தெரியாதவருக்கு இதனால் பயனில்லை. அடுத்த மனைக்காரர் விற்றுவிட்டுப் போனால் உங்கள் பத்திரத்துக்கும் இதே சங்கடம்தான்.

அந்தக் குறையை எண் தீர்க்கும். எண்ணையும் கொஞ்சம் சந்தேகத்தோடு படிக்க வேண்டும். ஓரிக்கை 12.8 வடக்கு, 79.7 கிழக்கு என்றால் காஞ்சிபுரமும் அதுவேதான். புள்ளிக்குப் பின் ஓர் இலக்கம் என்பது சுமார் 11 கிலோமீட்டர். நான்கு இலக்கம் இருந்தால் 11 மீட்டர்; வீட்டையே காட்டலாம்.

இந்திய சர்வே துறையின் 1:50,000 தாளில் ஒரு கிலோமீட்டர் 2 செ.மீ. ஆகச் சுருங்கும். ஓரிக்கை மகா பெரியவர் மணிமண்டபம் அதில் ஒரு சின்னக் குறிக்கு மேல் தேறாது. நிறத்தைக் கவனியுங்கள்: நீருள்ள ஆறு நீலம், வறண்ட ஓடை கறுப்பு. பாலாறு போன்ற மணல் ஆற்றுக்குக் கரை எது? வெள்ளம் தொட்ட இடமா, மணல் முடியும் இடமா, புறம்போக்கு முடியும் இடமா? யாரோ ஒருவர் தீர்மானித்துத்தான் கோடு போடுகிறார். அந்தத் தீர்மானத்தைக் கண்டுபிடிப்பதில்தான் ருசியே.

செயற்கைக்கோள் படம் கோடே போடாது. பட்டுச்சேலை டிசைனைக் கிராஃப் தாளில் நிரப்புவதுபோல் கட்டத்துக்கு ஒரு நிறம். சென்டினல்-2 படத்தில் ஒரு கட்டம் 10 மீட்டர். மணல் பரப்பு தெரியும், மனை வேலி தெரியாது.

எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்தது புலப்படம். நடுவில் உங்கள் சர்வே எண், சுற்றிலும் அண்டை எண்கள், பக்கங்களின் நீளம், எல்லைக் கற்கள். செப்பேட்டின் அண்டைக் கணக்கும் சர்வேயரின் அளவும் ஒரே தாளில். தமிழக அரசின் இணையதளத்தில் மாவட்டம், வட்டம், கிராமம், சர்வே எண் கொடுத்து இறக்கிக்கொள்ளலாம். வெயில் தாழ்ந்ததும் அதைக் கையில் வைத்துக்கொண்டு எல்லைக் கற்களைத் தேடிப் பாருங்கள். கிடைக்காவிட்டால் அளந்து காட்டச் சொல்லி இணையவழியில் மனுக் கொடுங்கள்.