காமன் எரிந்தானா? மலையகக் கூத்தும் அதன் மரபுகளும்

தேவர்களின் பகைவனை அழிக்கச் சிவனுக்கு ஒரு மகன் பிறக்க வேண்டும். சிவனோ தவத்தில் இருக்கிறார். அதைக் கலைக்கத் தேவர்கள் காமன், மதன் என்றும் அழைக்கப்படும் மன்மதனை அனுப்புகிறார்கள். கரும்பு வில்லில் மலர்க்கணை தொடுத்த அவன் நெற்றிக்கண்ணின் நெருப்பில் சாம்பலாகிறான். எந்த ஆண்டுக்கணக்கிலும் அடங்காத இந்தத் தேவலோக வரலாறுதான் நாவலப்பிட்டியைச் சூழ்ந்த தோட்டங்கள் உட்பட இலங்கையின் மலையகமெங்கும் மாசி மாதத்தில் ஆடப்படும் காமன் கூத்தின் பொருள்.

நூல்மரபிலேயே இக்கதை ஒரே வடிவில் இல்லை. காளிதாசரின் குமாரசம்பவத்தில் பகைவன் தாரகன். கச்சியப்பரின் கந்தபுராணத்தில் சூரபதுமன். காளிதாசர் மன்மதனின் மனைவி ரதியின் புலம்பலுக்கு ஒரு சருக்கத்தையே ஒதுக்கினார். தலமரபு இன்னும் உறுதியானது: மயிலாடுதுறைக்கு அருகிலுள்ள திருக்குறுக்கையே காமன் எரிந்த இடம் என்று நிலத்தைச் சுட்டிக் காட்டுகிறது. சிவனின் வீரச்செயல்கள் நிகழ்ந்ததாகச் சொல்லப்படும் எட்டு இடங்களான அட்டவீரட்டத் தலங்களுள் அதுவும் ஒன்று.

கூர்மையான பிளவு தஞ்சை லாவணியில் உண்டானது. மராட்டியர் ஆட்சியோடு வந்து தமிழில் வேரூன்றிய இந்தப் பாட்டுவாதத்தில் இரு கட்சிகள் எதிரெதிரே அமர்கின்றன. உடல் சாம்பலான பின் காமன் இல்லை என்கிறது எரிந்த கட்சி. உலகில் ஆசை இருக்கும்வரை அவன் அழியவில்லை என்கிறது எரியாத கட்சி. டேப் என்னும் தோற்கருவியை அடித்துப் பாடிக் கேள்வி தொடுக்க, மறுதரப்பு அங்கேயே பாட்டால் விடை சொல்ல வேண்டும். இங்கே தரத்தின் அளவுகோல் புராண அறிவும் சமயோசிதமும்.

கோப்பிக்காகவும் பின்னர் தேயிலைக்காகவும் திருச்சி, தஞ்சை, சேலம், புதுக்கோட்டைப் பக்கங்களிலிருந்து வந்தவர்களோடு காமன் கதையும் கடல் கடந்தது. மலையேறிய கதை வாதத்தை விட்டுவிட்டு ஆட்டமாகவும் நேர்த்திக்கடனாகவும் நின்றது. வளர்பிறைத் தொடக்கத்தில் காமன் கம்பம் நடப்படும். ஆடுவோர் விரதம் காப்பர். ரதியும் மதனும் தப்புப் பறை முழங்கத் தொழிலாளர் குடியிருப்பு வரிசைகளான லயன்களுக்குச் சென்று வாசல்தோறும் ஆடுவர். ரதி வேடமும் ஆண்களுக்கே உரியதாக இருந்தது. இரவுக் கூத்தில் திருமணம், தேவர்களின் அழைப்பு, ரதியின் தீய கனவு, அவள் தடுத்தும் மதன் புறப்படுவது என்று கதை வளர்ந்து தகனத்தில் உச்சம் கொள்கிறது. வீரபத்திரனும் எமனும் களத்தில் இறங்குகையில் பார்ப்போரில் சிலருக்கு அருள் வந்துவிடும். அதன்பின் ஒப்பாரி; மூன்றாம் நாள் உயிர்ப்பிக்கும் சடங்கு. லாவணிக் கட்சிகள் பிரித்துவைத்த எரிதல், அழியாமை என்ற இரண்டையும் தோட்டக் கூத்து ஒரே வழிபாட்டில் அடுத்தடுத்து வைக்கிறது. கந்தபுராணத்தின் முடிவுக்கு இதுவே நெருக்கமானது. அங்கும் மன்மதன் ரதியின் கண்ணுக்கு மட்டும் உருவத்தோடு மீள்கிறான்.

தோட்டக் கூத்தின் தரம் தப்பில் தொடங்குகிறது. பாத்திரத்துக்கும் கட்டத்துக்கும் ஏற்ப அடி மாற வேண்டும். ஆடுபவரின் கால் அதைப் பிசகாமல் பிடிக்க வேண்டும். ஆனால் கூத்தை உயர்த்துவது ரதி. பிழைப்புக்காகப் பிரிந்தும் இளமையிலேயே துணையை இழந்தும் வாழ்ந்த ஒரு சமூகத்தில், ரதியின் ஒப்பாரியைத் தன் சொந்த இழவாகக் கேட்டு அழுத பெண்களைவிடக் கடுமையான நடுவர் வேறு யாருமில்லை. குரல் வளம் மட்டும் போதாது. சாவுவீட்டு ஒப்பாரியின் இழுவை அதில் இருக்க வேண்டும்.

1964 அக்டோபரில் இலங்கைக்கும் இந்தியாவுக்கும் இடையே கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் இந்திய வம்சாவளியினரில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப வகை செய்தது. குடும்பங்கள் தலைமன்னாரில் கப்பலேறியபோது ஆட்டக்காரரும் தப்புக்காரரும் பிரிந்தனர். வாய்மொழியாகவே கற்பிக்கப்பட்ட கலைக்கு இந்த இழப்பு மிகப் பெரியது. சி.வி. வேலுப்பிள்ளை மலைநாட்டு மக்கள் பாடல்களைத் தொகுத்தார். மாத்தளை வடிவேலன் மலையகப் பாரம்பரியக் கலைகளைப் பற்றி எழுதினார். பாட்டின் சொல்லை இப்படி ஏட்டில் காக்க முடிகிறது. தப்படியின் நுணுக்கத்தையும் ஒப்பாரியின் இழுவையையும் கற்க, தெரிந்தவர் பக்கத்தில் மாசி இரவுகளில் நின்றே ஆகவேண்டும்.