பதக்கக் கணிப்பு: அளப்பதும் தவறவிடுவதும்

2021 ஆகஸ்ட் 6. டோக்கியோ ஒலிம்பிக்கில் ஆண்கள் 4×400 மீட்டர் தொடர் ஓட்டத்தின் தகுதிச்சுற்று. முகமது அனஸ், நோவா நிர்மல் டாம், ஆரோக்கிய ராஜீவ், அமோஜ் ஜேக்கப் ஆகிய நால்வரும் 3 நிமிடம் 0.25 விநாடியில் ஓடி முடித்தார்கள். 2018-ல் கத்தார் அணி படைத்திருந்த ஆசியச் சாதனை அன்று முறிந்தது. ஒட்டுமொத்தத்தில் இந்திய அணிக்கு ஒன்பதாம் இடம். இறுதிப் போட்டியில் ஓடுவது எட்டு அணிகள் மட்டுமே. அந்த நால்வரில் ஆரோக்கிய ராஜீவ், திருச்சி மாவட்டத்தில் எங்கள் மண்ணச்சநல்லூருக்குப் பக்கத்து வட்டமான லால்குடியின் வழுதியூர்க்காரர். ஆசியாவில் அதுவரை எந்த அணியும் ஓடாத வேகம் அது. ஆனால் பதக்கக் கணிப்பு என்ற கணக்கில் இப்படிப்பட்ட ஓட்டத்தை எழுத ஒரு கட்டம்கூடக் கிடையாது.

ஒலிம்பிக் நெருங்கும்போது, இந்தியா எத்தனை பதக்கம் வெல்லும் என்று பட்டியல் போடாத விளையாட்டு ரசிகர் குறைவு. நானும் போடுகிறவன். அந்தப் பழக்கத்தில் நன்மை உண்டு என்று உறுதியாக நம்புகிறேன். இன்று அதைச் செய்யும் விதத்தில் உள்ள குறைகள், விளையாட்டையே தவறாகப் பார்க்க வைக்கின்றன என்பதையும் சொல்லியாக வேண்டும்.

கணிப்புகள் இரண்டு வகை. ஒன்று, வீரர்களின் அண்மைக்கால முடிவுகளை வைத்துப் போடுவது. கிரேஸ்நோட் நிறுவனம் இப்படித்தான் செய்தது. உலக சாம்பியன்ஷிப், உலகக் கோப்பை போன்ற போட்டிகளில் யார் எந்த இடம் பிடித்தார் என்று தொகுத்து, ஒவ்வொரு பிரிவிலும் முதல் மூன்று பேரைக் கணித்தது. இன்னொன்று பொருளியல் அறிஞர்களின் வழி. ஆண்ட்ரூ பெர்னார்ட், மேகன் புசே ஆகிய இருவரும் 2004-ல் வெளியிட்ட ஆய்வு, மக்கள்தொகை, நாட்டின் மொத்த வருமானம், போட்டியை நடத்தும் நாடு என்ற அனுகூலம், முந்தைய ஒலிம்பிக்கில் வென்ற அளவு ஆகியவற்றைக் கொண்டு பதக்கப் பங்கைக் கணக்கிட்டது.

பெரிய நாடுகளைப் பொறுத்தவரை இந்தக் கணக்குகள் வியக்கத்தக்க அளவுக்குப் பலிக்கின்றன. பாரிஸ் 2024-க்கு முன் கிரேஸ்நோட் அமெரிக்காவுக்கு 112 பதக்கம், சீனாவுக்கு 86 என்றது. வென்றவை 126, 91. பிரான்சுக்கு 60 என்றது, வந்தது 64. ஆனால் அதே பிரான்சுக்குச் சொன்ன தங்கம் 27, கிடைத்தது 16. மொத்தம் சரியாக வருகிறது, உள்ளே பிரித்தால் தவறுகிறது.

இந்தியாவுக்கு வரும்போது மொத்தமே தவறிவிடுகிறது. டோக்கியோவுக்கு முன் அதே நிறுவனம் இந்தியாவுக்கு 17-க்குக் குறையாத பதக்கங்களைச் சொன்னது. வென்றவை ஏழு.

இதற்குக் காரணம் எளிது. எங்கள் ஊர் அரிசி ஆலைகளுக்குப் பேர்போனது; மூட்டையில் குத்தூசி விட்டு ஒரு பிடி எடுத்துப் பார்த்தால் அந்த மூட்டையின் தரத்தை வியாபாரி சொல்லிவிடுவார். கைக்கு வராத ஒரு தனி அரிசி முழுசா, நொய்யா என்று அவரால் சொல்ல முடியாது. நூற்றுக்கணக்கான போட்டியாளர்களை அனுப்பும் அமெரிக்காவில் ஒருவர் தவறினால் எதிர்பாராத இன்னொருவர் வெல்வார். கூட்டல் கழித்தலில் கணக்கு நேராகிவிடும். நமக்கு வாய்ப்புள்ளவர்களே பதினைந்து இருபது பேர்தான். ஒவ்வொருவருக்கும் மூன்றில் ஒரு பங்கு வாய்ப்பு என்று வைத்துக்கொள்வோம். பதினைந்து பேருக்கு நியாயமாக எதிர்பார்க்க வேண்டியது ஐந்து பதக்கம். நம் பட்டியல்களோ பதினைந்து பெயரையும் எழுதி, பதினைந்து பதக்கம் என்று கூட்டிவிடுகின்றன.

துப்பாக்கி சுடுதல் இதற்குத் தெளிவான சான்று. 2019 உலகக் கோப்பைப் போட்டிகளில் இந்தியா பதக்கப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. டோக்கியோவுக்கு 15 பேர் சென்றார்கள். ஒரு பதக்கமும் வரவில்லை. தனிநபர் பிரிவில் இறுதிச்சுற்றை எட்டியவர் சௌரப் சௌத்ரி ஒருவரே. 10 மீட்டர் ஏர் ரைபிளில் உலகின் முதல் நிலை வீராங்கனையாகச் சென்ற, கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் 16-ஆம் இடம் பிடித்தார். பாரிஸில் அதே துப்பாக்கி சுடுதல்தான் மூன்று வெண்கலம் தந்தது.

அடுத்த குறை, எதிராளி மாறாமல் நிற்பார் என்று கணிப்பு நினைப்பது. டோக்கியோவுக்கு முன் ஈட்டி எறிதலில் அசைக்க முடியாதவராகப் பேசப்பட்டவர் ஜெர்மனியின் யோகன்னஸ் வெட்டர். அவர் இறுதிப் போட்டியில் முதல் எட்டு இடத்துக்குள்கூட வரவில்லை. 87.58 மீட்டர் எறிந்த நீரஜ் சோப்ரா தங்கம் வென்றார். பாரிஸில் நீரஜ் அதைவிடத் தூரமாக, 89.45 மீட்டர் எறிந்தார். பாகிஸ்தானின் அர்ஷத் நதீம் 92.97 மீட்டர் எறிந்து ஒலிம்பிக் சாதனை படைத்ததால் வெள்ளிதான் கிடைத்தது. பதக்கத்தை மட்டும் எண்ணும் கணக்கில் நீரஜ் சறுக்கியவர். அளவுநாடாவின் கணக்கில் அவர் முன்னேறியவர். ரசிகன் எதை நம்ப வேண்டும்?

நான்காம் இடங்களைப் பாருங்கள். பாரிஸில் இந்தியாவுக்கு ஆறு பதக்கம்: ஒரு வெள்ளி, ஐந்து வெண்கலம். நான்காம் இடமும் ஆறு. மீராபாய் சானு மொத்தம் 199 கிலோ தூக்கினார். வெண்கலத்துக்கும் அவருக்கும் இடையே ஒரு கிலோ. ஸ்கீட் கலப்பு இரட்டையர் வெண்கலத்தை இழந்தது ஒரே ஒரு புள்ளியில். மல்யுத்தத்தில் வினேஷ் போகாட், சர்வதேசப் போட்டிகளில் அதுவரை தோல்வியே காணாத ஜப்பானின் யுய் சுசாகியை முதல் சுற்றிலேயே வீழ்த்தி இறுதிப் போட்டி வரை வந்து, 100 கிராம் எடை கூடியதால் நீக்கப்பட்டார். அந்த நீக்கத்தையும் சரி, அதற்கு முந்தைய வெற்றியையும் சரி, எந்தக் கணிப்பும் முன்கூட்டிச் சொல்லியிருக்க முடியாது. ஆறுக்கும் பன்னிரண்டுக்கும் இடையே இருந்தது இவ்வளவு மெல்லிய கோடு. அப்படியிருக்க, ஒற்றை எண்ணைச் சொல்லி அதை எட்டாததைத் தோல்வி என்று பேசுவது அநியாயம்.

அதற்காகக் கணிப்பையே தூக்கி எறியலாமா? கூடாது. அது செய்யும் நல்ல காரியங்கள் கண்முன் உள்ளன. பட்டியல் போட உட்காரும் ரசிகன், கிரிக்கெட்டைத் தாண்டி பளுதூக்குதலின் எடைப்பிரிவுகளையும் தொடர் ஓட்டத்தின் தகுதி நேரங்களையும் தெரிந்துகொள்கிறான். அதைவிடப் பெரிய பயன், கேள்வி கேட்க வைப்பது. செயின்ட் லூசியாவின் மக்கள்தொகை சுமார் 1.8 லட்சம். 2011 கணக்கெடுப்பின்படி திருச்சி மாவட்டத்தில் 27 லட்சத்துக்கு மேல். பாரிஸில் பெண்கள் 100 மீட்டர் ஓட்டத்தில் தங்கம் வென்ற ஜூலியன் ஆல்பிரட் அந்தச் சின்னத் தீவைச் சேர்ந்தவர். 140 கோடிப் பேர் கொண்ட நாடு எங்கே கோட்டைவிடுகிறது?

இதற்கு அனிருத் கிருஷ்ணாவும் எரிக் ஹாக்லண்டும் 2008-ல் எக்கனாமிக் அண்ட் பொலிட்டிக்கல் வீக்லி இதழில் ஒரு விடை தந்தார்கள். ஒரு நாட்டின் மொத்த மக்கள்தொகையை எண்ணுவது தவறு. விளையாட்டில் பங்கெடுக்க உண்மையிலேயே வழியும் தகவலும் உள்ளவர்களைத்தான் எண்ண வேண்டும் என்றார்கள். பள்ளியில் மைதானம் இல்லாத பிள்ளை, தேர்வுப் போட்டி எங்கே நடக்கிறது என்று சொல்ல ஆளில்லாத பிள்ளை, பேருந்துக் காசில்லாத பிள்ளை ஆகியோரைக் கழித்தால் நம் 140 கோடி எவ்வளவு சுருங்கும் என்பதே உண்மையான கணிப்பு.

கணிப்பு இன்று அரசுப் பணத்தோடும் சேர்ந்துவிட்டது. ஒன்றிய அரசு 2014-ல் தொடங்கிய டாப்ஸ் திட்டம் பதக்க வாய்ப்புள்ளவர்களைத் தேர்ந்தெடுத்து உதவுகிறது. அதனால் வெளிநாட்டுப் பயிற்சியும் நல்ல பயிற்சியாளரும் கிடைத்தவர்கள் பலர். அந்த உதவி தொடர வேண்டும். ஆனால் பதக்கத்துக்கு அருகில் வந்துவிட்டவரை மட்டும் பார்க்கும் கண், முப்பதாம் இடத்திலிருந்து பன்னிரண்டாம் இடத்துக்கு வருகிறவரைப் பார்க்காது. தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் உதவித்தொகையை எலைட், மிம்ஸ், சாம்பியன்ஸ் மேம்பாட்டுத் திட்டம் என்று மூன்று படிகளாக வைத்திருப்பது அந்த வகையில் சரியான முறை. திருச்சியிலிருந்து சென்று டோக்கியோவிலும் பாரிஸிலும் தொடர் ஓட்ட அணிகளில் ஓடிய சுபா வெங்கடேசன் போன்றவர்கள் எந்தப் பதக்கக் கணிப்பின் தயவிலும் வளர முடியாது. படிப்படியான ஆதரவில்தான் வளர முடியும்.

கணிப்பை நன்றாகச் செய்யலாம் என்பதற்கும் நம்மிடம் சான்று இருக்கிறது. பாரிஸ் பாராலிம்பிக்குக்கு முன் இந்திய பாராலிம்பிக் கமிட்டி 25 பதக்கங்களை இலக்காகச் சொன்னது, வந்தவை 29. தமிழகத்தின் துளசிமதி வெள்ளியும், மனிஷா, நித்யஸ்ரீ, மாரியப்பன் வெண்கலமும் வென்றார்கள். வீரர்களின் தூரத்தையும் நேரத்தையும் நெருங்கி அறிந்தவர்கள் வைத்த இலக்கு அது. ஒலிம்பிக் கணிப்புக்கு நாம் தரும் கவனத்தில் சிறு பங்கைக்கூட அதற்குத் தரவில்லை என்பது நம் குறை.

2028 லாஸ் ஏஞ்சலிஸில் கிரிக்கெட்டும் சேர்கிறது. ஆண்கள், பெண்கள் என இரண்டு பதக்கங்களை இப்போதே எழுதிவைத்துவிட்டு மற்றவர்களை மறக்கும் ஆபத்து பெரிது. ஆகவே ரசிகர்களிடமும் பத்திரிகைகளிடமும் நான் கேட்பது மூன்று. ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் வாய்ப்பின் அளவை எழுதுங்கள்; ‘பதக்கம் நிச்சயம்’ என்ற சொல்லை விட்டுவிடுங்கள். பதக்கத்தோடு, இறுதிச்சுற்றை எட்டுவார்களா, சொந்தச் சாதனையைத் தாண்டுவார்களா என்பதையும் கணியுங்கள். போட்டி முடிந்ததும் உங்கள் பட்டியலை எடுத்து எது பலித்தது, எது பொய்த்தது என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள். இந்த மூன்றும் இல்லாத பதக்கக் கணிப்பு வீரர்களின் தலையில் ஏற்றும் சுமைதான். இவற்றோடு செய்தால், அது ஒரு நாட்டுக்குத் தன் விளையாட்டைப் பற்றிய நேர்மையான கணக்கு.