ஸ்க்ரூஜ் வீட்டுக் கிறிஸ்துமஸ்

கிறிஸ்தவரல்லாதார் கிறிஸ்துமஸ் கொண்டாடினால் அதெல்லாம் கடைக்காரன் செய்த வேலை என்று சொல்லிவிடுகிறவர்கள் உண்டு. கொஞ்சம் உண்மையும் உண்டு. ஜப்பானில் கிறிஸ்தவர்கள் நூற்றுக்கு ஒருவர் இருந்தால் அதிகம். டிசம்பர் 25 அங்கே விடுமுறையும் அல்ல. ஆயினும் 1974-ல் கென்டக்கி ஃப்ரைட் சிக்கன் கம்பெனி செய்த விளம்பரத்திலிருந்து, அந்தச் சமயத்தில் வறுத்த கோழி வாங்கித் தின்பது அங்கே ஒரு சம்பிரதாயமாகிவிட்டது. ஆனால் கடைக்காரன் எதை வேண்டுமானாலும் விற்றுவிட முடியுமா? வாங்குகிறவன் மனசில் முன்பே ஒரு பசி இருக்க வேண்டும். இந்தப் பசியைக் கிளப்பிவிட்டதில் ஒரு கதாசிரியனுக்குப் பெரிய பங்கு உண்டு என்பது என் கட்சி. தொழில் அபிமானம் என்று வாசகர்கள் சிரிக்கலாம், சிரிக்கட்டும்.

சார்லஸ் டிக்கன்ஸ் எழுதிய 'எ கிறிஸ்மஸ் கரோல்' 1843 டிசம்பர் 19-ந் தேதி வெளிவந்தது. ஐந்து நாளைக்குள் 6,000 பிரதிகளும் விற்றுப்போயின. கஞ்சன் ஸ்க்ரூஜை ஆவிகள் ஒரே இரவில் ஆட்டிவைத்துத் திருத்துகிற கதை. மறுபடி படிக்கும்போது எனக்கு வியப்புத் தருவது அதில் இல்லாத விஷயங்கள்தாம். தொழுவக் காட்சி கிடையாது. ஞானிகளுக்கு வழிகாட்டிய நட்சத்திரம் மார்லியின் ஆவி புலம்புகையில் ஒரு கணம் மின்னி மறைந்துவிடுகிறது. திருந்திய ஸ்க்ரூஜ் அன்று காலை சர்ச்சுக்குப் போகத்தான் போகிறான். அதற்கு ஆசிரியர் ஒதுக்கியது நாலே வார்த்தை. வான்கோழி வாங்கி அனுப்புகிற வைபவமோ பக்கமாக நீளுகிறது.

இருப்பது என்ன? வாரம் 15 ஷில்லிங் சம்பளம் வாங்குகிற குமாஸ்தா பாப் கிராச்சிட்டின் வீடு. ஒரே ஒரு வாத்து. அதை ஆப்பிள் மசியலும் உருளைக்கிழங்கும் சேர்த்து எல்லோருக்கும் காணும்படி செய்கிறார்கள். பிறகு புட்டிங் வருகிறது. அத்தனை பேருக்கு அது சின்னது என்று நமக்குத் தெரிகிறது. ஆனால் அந்த வீட்டில் அப்படி ஜாடையாகச் சொல்வதுகூட மானக்குறைவு. மாதக் கடைசியில் விருந்தாளி வந்துவிட்ட வீட்டில் வளர்ந்த எவருக்கும் இந்த இடம் புரியும். அதற்கு ஞானஸ்நானம் தேவையில்லை. வெளியார் உள்ளே வந்தது இந்தச் சமையலறைக் கதவு வழியாகத்தான்.

டிக்கன்ஸுக்கு இது தெரிந்தே இருந்தது. ஸ்க்ரூஜின் மருமான் பிரெட் பண்டிகையைப் புகழ்ந்து பேசுகிற இடத்தைப் பாருங்கள். அதன் புனிதமான பெயரையும் பிறப்பையும் ஒரு பக்கமாக ஒதுக்கி வைத்துவிட்டுப் பேச ஆரம்பிக்கிறான். அதே மூச்சில், அப்படி ஒதுக்கி வைக்க முடியுமோ என்று சந்தேகமும் பட்டுக்கொள்கிறான். புத்தகத்திலேயே நேர்மையான இடம் இதுதான் என்பேன்.

பலவீனமும் இருக்கிறது. முடமான குழந்தை டைனி டிம் வருங்காலக் காட்சியில் இறந்துபோகிறான். கடைசிப் பக்கத்தில் பிழைத்துவிடுகிறான். ஸ்க்ரூஜின் பிராயச்சித்தமும் பணத்தோடு முடிந்துவிடுகிறது. வெளியார் குழந்தையை எடுத்துக்கொண்டு சிலுவையை விட்டுவிட்டார்கள் என்று ஒரு கிறிஸ்தவர் குறைப்பட்டால், அதை நான் மறுக்க மாட்டேன். பெரிய வெள்ளிக்கிழமைக்கு யாரும் விளம்பரம் செய்து கோழி விற்றதில்லை.

இந்த இடத்தில் இர்விங் பெர்லினை நினைத்துக்கொள்கிறேன். ரஷ்யாவிலிருந்து அமெரிக்காவுக்கு வந்த யூதர்; தகப்பனார் யூத ஆலயத்தில் பிரார்த்தனை பாடியவர். 1942-ல் பிங் கிராஸ்பி ஒரு படத்தில் பாடி உலகமெல்லாம் பரவிய 'ஒயிட் கிறிஸ்மஸ்' இவர் எழுதியது. பாட்டில் ஏசுவின் பெயர் வராது. பனியும் பழைய நினைவும் வரும். கெட்டிக்கார வியாபாரம் என்று முதலில் நினைக்கத் தோன்றும். ஆனால் 1928-ல், சரியாக டிசம்பர் 25-ந் தேதி, அவருடைய கைக்குழந்தை இறந்துபோயிற்று. பெர்லினுக்காக யாரும் கடைசிப் பக்கத்தை மாற்றி எழுதவில்லை. இது தெரிந்த பிறகு அந்தப் பாட்டை என்னால் பழையபடி கேட்க முடியவில்லை. நம்பிக்கைக்கு வெளியே நிற்கிறவனுடைய பண்டிகை வெறும் விளக்கும் கேக்கும்தான் என்று சொல்லவும் வாய் வரவில்லை.

நம்மூரில் வேண்டுதலோடு வேளாங்கண்ணிக்குப் போய் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வருகிற இந்துவின் விஷயம் முற்றிலும் வேறு. அவர் மதத்தை மாற்றிக்கொள்ளாமலே மாதாவை நம்புகிறவர். டிக்கன்ஸ் அவருக்குத் தேவைப்படவில்லை. அவரைப் பற்றித் தனியாகத்தான் எழுத வேண்டும்.