கருவைத் திருத்தலாமா?

திருவண்ணாமலையிலிருந்து வேலூர் ஏறத்தாழ 80 கிலோமீட்டர்தான். அங்குள்ள கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரியில், ஹீமோஃபிலியா என்னும் ரத்தம் உறையாத நோய் கொண்ட ஐவருக்கு ஜீன் சிகிச்சை அளிக்கப்பட்டது. நோயாளியின் குருத்தணுக்களை வெளியே எடுத்தார்கள். ரத்தம் உறைவதற்கு வேண்டிய 8ஆம் காரணியை உண்டாக்கும் ஜீனை அவற்றில் புகுத்தி, மீண்டும் அவருடைய உடலிலேயே செலுத்தினார்கள். ஆராய்ந்த காலம் முழுவதும் ஐவருக்கும் ரத்தக்கசிவு ஏற்படவில்லை என்று 2024 டிசம்பரில் முடிவு வெளியாயிற்று.

இது வரவேற்கத்தக்கதே. இத்திருத்தம் அவர்களுடைய ரத்தத்தோடு நின்றுவிடுகிறது, பிள்ளைகளுக்குப் போவதில்லை. சம்மதம் தந்தவர்களும் அவர்களே. கருவில் செய்யும் திருத்தமோ விந்திலும் முட்டையிலும்கூடப் பதிந்து, பேரப்பிள்ளைகள் வரை தொடரும். பிறவாத அவர்களிடம் யார் சம்மதம் கேட்பது?

2018 நவம்பரில் ஹெ ஜியான்குய் என்ற சீன விஞ்ஞானி, எய்ட்ஸ் கிருமி தொற்றாதபடி கருவிலேயே ஜீனைத் திருத்தியதாகவும், இரட்டைப் பெண் குழந்தைகள் பிறந்திருப்பதாகவும் அறிவித்தார். தந்தையிடம் அக்கிருமி இருந்தாலும், விந்தைக் கழுவித் தூய்மையாக்கும் முறையால் குழந்தையைக் காக்க முடியும். ஆகவே, அது தேவையற்ற சோதனை. 2019 டிசம்பரில் அவருக்கு 3 ஆண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. ஆனால் அக்குழந்தைகளின் ஜீன்களைப் பழையபடி ஆக்கித் தர எந்த நீதிமன்றத்தால் முடியும்?

நம் நாட்டின் நிலை என்ன? இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் பிற அரசுத் துறைகளும் 2019இல் வெளியிட்ட நெறிமுறைகள் கருவழித் திருத்தத்தைத் தடுக்கின்றன. நல்லதே. எனினும் நெறிமுறை வேறு, தண்டனை விதிக்கும் சட்டம் வேறு.

சட்டம் மட்டும் போதுமா என்றால், அதுவும் போதாது. கருவின் பாலினம் அறிவதைத் தடுக்கும் சட்டம் 1994லேயே வந்தது. அப்படியிருந்தும் 2018 டிசம்பரில், பாலினம் கண்டறிந்து கருக்கலைப்புச் செய்த குற்றச்சாட்டில் திருவண்ணாமலையிலேயே கைது நடந்தது. நோயறிய வந்த ஸ்கேன் கருவியை, பெண் குழந்தை வேண்டாம் என்ற மனம் தன் வசமாக்கிக் கொண்டது. நாளை உயரமான பிள்ளை, சிவந்த பிள்ளை என்று ஆசை காட்டுவோர் வரலாம். உயரம் ஆயிரக்கணக்கான ஜீன் வேறுபாடுகளைச் சார்ந்தது. ஒன்றிரண்டைத் திருத்திப் பெற முடியாது. ஆனால் ஏமாற்றுவதற்கு உண்மை எதற்கு?

ஆகவே நெறிமுறை சட்டமாக வேண்டும். சட்டத்தைக் கண்காணிக்க ஆள் வேண்டும். எது சிகிச்சை, எது வியாபாரம் என்பதைச் சாதாரண மக்களுக்குத் தமிழில் விளக்கிச் சொல்லவும் வேண்டும். கடைசி வேலை நம்முடையது. உங்கள் வீட்டிலிருந்தே அதைத் தொடங்குங்கள்.